கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூனிவர்சிட்டி ஹிஸ்டரி டிகிரிக்கு: கலிபோர்னியா மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஃப்ரீமாண்டிலோ சான் ஹோசேயிலோ ஒரு தமிழ் வீட்டில் பிள்ளை "நான் ஹிஸ்டரி படிக்கப்போறேன்" என்று சொன்னால் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். "அதுவும் முதல் ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல" என்று சேர்த்துச் சொன்னால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான் அந்த வழியாகத்தான் போனேன், டிகிரியும் வாங்கினேன். அதற்குப் பிறகு தெரிந்தவர்களின் பிள்ளைகள் சிலருக்கு மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை இதில் சறுக்குபவர்கள் மார்க் குறைந்து சறுக்குவது அபூர்வம். எந்தப் பாடத்தை எங்கே, எப்போது, எந்த வரிசையில் எடுப்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள். அதனால் கடைசியிலிருந்து முன்னோக்கி எண்ணப் பழகுங்கள். போய்ச் சேர வேண்டிய துறை முதலில், அதன் பிறகுதான் இந்த செமஸ்டருக்கு என்ன பாடம் என்பது.

இந்தப் பாதை எப்படி வந்தது

1960இல் கலிபோர்னியா உயர்கல்விக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா), முதல் மூன்றில் ஒரு பங்குக்கு கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி), மற்ற அனைவருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கே இரண்டு ஆண்டு ஒழுங்காகப் படித்தவர் மூன்றாம் ஆண்டுக்கு மேலே ஏறலாம். ஆக, டிரான்ஸ்ஃபர் என்பது கட்டடம் கட்டும்போதே வைத்த மாடிப்படி. யாரும் பின்வாசல் வழியாக உள்ளே வருவதில்லை. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. யூ.சி.க்கு டிரான்ஸ்ஃபராக வருபவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இவற்றிலிருந்துதான் வருகிறார்கள்.

காசுக் கணக்கு இது. பாடத்தின் அளவை யூனிட்டில்தான் சொல்வார்கள், மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு யூனிட் 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு மொத்தம் 2,760 டாலர். முதல்முறையாக, முழுநேரமாகச் சேரும் மாணவர்களுக்குப் பல காலேஜ்கள் இரண்டு ஆண்டுக்கு அதையும் தள்ளுபடி செய்கின்றன. யூ.சி.யில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர். கால் ஸ்டேட்டில் 2025-26ஆம் ஆண்டின் அடிப்படைக் கட்டணம் 6,450 டாலர். விடுதி, சாப்பாடு எல்லாம் தனி. கடைசியில் கையில் வரும் பட்டத்தில் யூனிவர்சிட்டி பெயர் மட்டும்தான் இருக்கும். இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் வேலை: போகும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அசிஸ்டைப் படிப்பது

அசிஸ்ட் டாட் ஆர்க் என்று ஒரு தளம் இருக்கிறது. உங்கள் காலேஜில் எடுக்கும் எந்தப் பாடம், யூ.சி.யிலோ கால் ஸ்டேட்டிலோ உள்ள எந்தப் பாடத்துக்குச் சமம் என்பதைச் சொல்லும் அதிகாரபூர்வமான இடம் அதுதான். நண்பன் சொன்னது, சீனியர் சொன்னது, பல வருடத்துக்கு முன்பு அக்கா எடுத்தது எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் வையுங்கள்.

அதில் ஆண்டு, உங்கள் காலேஜ், போக வேண்டிய யூனிவர்சிட்டி மூன்றையும் கொடுத்து, மேஜர் (முதன்மைப் பாடம்) பட்டியலில் ஹிஸ்டரியைத் திறங்கள். இடப்பக்கம் யூனிவர்சிட்டியின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் பாடம். வலப்பக்கம் ஈடு எதுவும் இல்லை என்று சில இடங்களில் வரும். பதற வேண்டாம், அந்தப் பாடத்தைப் போன பிறகு எடுப்பீர்கள். இரண்டு பாடங்களுக்கு நடுவே "அண்ட்" என்று போட்டிருந்தால்தான் கவனம் வேண்டும். இரண்டையும் முடித்தால்தான் ஒன்றாகக் கணக்கில் வரும், பாதி முடித்தால் பாதி கிடைக்காது. ஒப்பந்தம் ஆண்டுதோறும் மாறும் என்பதால், பாடம் எடுக்கும் ஆண்டின் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வளாகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நான்கு வளாகங்களைத் திறந்து, ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். ஒரு வளாகம் மேற்கத்திய நாகரிக வரலாற்றைக் கேட்கும், இன்னொன்று உலக வரலாற்றையும் ஏற்கும், மற்றொன்று ஆசியாவோ லத்தீன் அமெரிக்காவோ ஒன்றாவது வேண்டும் என்று சொல்லும். நான்கிலும் பொதுவாக வரும் பாடங்களை முதல் ஆண்டில் எடுங்கள். ஒரே ஒரு வளாகம் மட்டும் கேட்பதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுங்கள். அதற்குள் உங்களுக்கும் மனம் தெளிந்திருக்கும். யூ.சி. டிரான்ஸ்ஃபர் பாத்வே என்ற பட்டியலிலும் ஹிஸ்டரி உண்டு, எல்லா வளாகங்களுக்கும் பொதுவாகத் தயாராக அது உதவும்.

இன்னொன்றையும் பாருங்கள். யூ.சி. தன் தகவல் மையத்தில், எந்த மேஜருக்கு எந்த வளாகத்தில் எத்தனை டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்களின் ஜி.பி.ஏ. எந்த அளவில் இருந்தது என்று வெளியிடுகிறது. ஹிஸ்டரி வரியைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெற்றோரின் முகம் கொஞ்சம் மலரும். அப்படி மலர்ந்ததும் சிலர் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும்: "ஹிஸ்டரியில் உள்ளே போய்விட்டு அப்புறம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கலாமா?" முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகமான மேஜர்களுக்கு உள்ளே போய் மாறுவது மிகக் கடினம், இரண்டே ஆண்டு கையில் உள்ள டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு அதைவிடக் கடினம். ஹிஸ்டரி வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

இரண்டு ஏணிகள்

கால் ஸ்டேட் ஏணி நேரானது. 2010இல் நிறைவேறிய எஸ்.பி. 1440 சட்டத்தின்படி கம்யூனிட்டி காலேஜிலேயே டிரான்ஸ்ஃபருக்கான இணைப் பட்டம் வாங்கலாம். ஹிஸ்டரியில் அதன் பெயர் ஏ.ஏ.-டி. மொத்தம் 60 யூனிட், அதில் ஹிஸ்டரி சார்ந்தவை குறைந்தது 18. இரு பகுதியாக அமெரிக்க வரலாறு, இரு பகுதியாக உலக வரலாறோ மேற்கத்திய வரலாறோ, மீதிக்கு ஒரு பண்பாட்டையோ ஒரு நிலப்பகுதியையோ பற்றிய பாடம் என்று போகும். இதை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி, அங்கே மேலும் 60 யூனிட்டில் பட்டம் முடிந்துவிடும். ஏதாவது ஒரு வளாகம் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் விரும்பிய வளாகமே கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை.

கால் ஸ்டேட்டை இரண்டாம் தரமாகப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். வாய்மொழி வரலாற்றில் ஆர்வம் இருந்தால் கால் ஸ்டேட் ஃபுல்லர்ட்டனில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

யூ.சி. ஏணியில் படிகள் கொஞ்சம் அதிகம். 60 செமஸ்டர் யூனிட், ஆண்டைச் சிறு தவணைகளாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் 90 யூனிட். மாநில வாசிகளுக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4, மற்றவர்களுக்கு 2.8. இவை வாசலில் நிற்பதற்கான எண்கள் மட்டுமே, உள்ளே போகிறவர்களின் ஜி.பி.ஏ. மேலே இருக்கும். கம்யூனிட்டி காலேஜிலிருந்து அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட்தான் எண்ணிக்கையில் சேரும். அதற்கு மேல் எடுத்த பாடம் வீணாகாது, பாடத் தேவைக்குக் கணக்கில் வரும், யூனிட் மட்டும் ஏறாது. பார்ப்பதெல்லாம் சுவாரசியமாக இருக்கிறது என்று மூன்றாம் ஆண்டும் அங்கேயே உட்கார்ந்துவிடும் ஹிஸ்டரி பிரியர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து டி.ஏ.ஜி., அதாவது முன்கூட்டியே இடத்தை உறுதி செய்துகொள்ளும் ஏற்பாடு. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் உண்டு. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோவில் இல்லை. ஆறில் ஒன்றுக்கு மட்டுமே போடலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரை. அதற்கு முந்தைய கோடைக்குள் 30 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். வேண்டிய ஜி.பி.ஏ. வளாகத்துக்கு வளாகம் வேறு, அந்த ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். டி.ஏ.ஜி. போட்டாலும் பெர்க்லிக்கும் யூ.சி.எல்.ஏ.வுக்கும் வழக்கம்போல் விண்ணப்பிக்கலாம். ஹிஸ்டரி மாணவர் டி.ஏ.ஜி. போடாமல் விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பொதுப் பாடங்கள்: சலிப்பானது, ஆனால் முதலில் முடியுங்கள்

2025 இலையுதிர் காலம் முதல் யூ.சி.க்கும் கால் ஸ்டேட்டுக்கும் ஒரே பொதுப்பாடத் திட்டம்தான், பெயர் கால்-கெட்சி. பதினோரு பாடம், 34 யூனிட். ஆங்கிலக் கட்டுரை, தர்க்கமும் எழுத்தும், பேச்சு, ஒரு கணக்கு, கலையிலும் ஹ்யூமானிட்டீஸிலும் (இலக்கியம், தத்துவம் போன்றவை) ஒவ்வொன்று, சமூக அறிவியலில் இரண்டு, இரு அறிவியல், அவற்றில் ஒன்றுக்கு ஆய்வகம், எத்னிக் ஸ்டடீஸ் (அமெரிக்காவின் இனக்குழுக்கள் பற்றிய பாடம்) ஒன்று. அதற்கு முன்பே சேர்ந்து இடைவிடாமல் படித்து வருபவர்கள் பழைய ஐகெட்சி திட்டத்தைத் தொடர முடியுமா என்று கவுன்சிலரிடம் (காலேஜின் பாட ஆலோசகர்) கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது சி வேண்டும். சி மைனஸ் வந்தால் அந்தக் கட்டம் காலிதான்.

இரண்டு ஆங்கிலத்தையும் கணக்கையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். ஹிஸ்டரிக்கு வருபவர்களில் பாதிப் பேர் கணக்கைக் கடைசி செமஸ்டர்வரை தள்ளிப்போடுவார்கள். அதில் சறுக்கினால் கிடைத்த இடமே போய்விடும். கால்குலஸ் தேவையில்லை, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் வரிப் பதிவுகளையும் வைத்து எழுதப்பட்ட வரலாற்றைப் பின்னால் படிக்கும்போது அது கைகொடுக்கும்.

பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் கெடு முடிவதற்குள் விலகி ஒரு டபிள்யூ வாங்கிக்கொள்ளுங்கள், அது ஜி.பி.ஏ.வில் சேராது. சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ ஆக்கலாம் என்று நினைக்காதீர்கள். சிக்குக் கீழே டி, எஃப் போல வந்ததை மீண்டும் எடுத்தால்தான் யூ.சி. புது மார்க்கைக் கணக்கில் எடுக்கும்.

பள்ளியிலேயே காலேஜ் பாடம் எடுத்த பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்பு கோடையில் ஏதோ ஒரு காலேஜில் விளையாட்டாக எடுத்து பி மைனஸ் வாங்கினீர்களே, அதுவும் உங்கள் டிரான்ஸ்ஃபர் ஜி.பி.ஏ.வில் சேரும். விண்ணப்பத்தில் அந்தக் காலேஜையும் காட்டியாக வேண்டும். மறந்து விட்டாலும் மறைத்ததாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். பள்ளியில் எழுதும் காலேஜ் தரத் தேர்வான ஏ.பி. யு.எஸ். ஹிஸ்டரியில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கு யூனிட் உண்டு, ஆனால் மேஜருக்கான தேவையை அது தீர்க்குமா என்பதை ஒவ்வொரு துறையிடமும் பார்க்க வேண்டும்.

ஹிஸ்டரி பாடங்கள்: என் டிரான்ஸ்கிரிப்டில் லிங்கன் காணாமல் போன கதை

நான் முதலில் சேர்ந்தது குவார்ட்டர் முறைக் காலேஜ். அங்கே அமெரிக்க வரலாறு மூன்று துண்டு. முதல் துண்டு ஏறக்குறைய 1800வரை வரும். அதை முடித்த சமயத்தில் நாங்கள் வீடு மாறினோம். புது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது செமஸ்டர் முறைக் காலேஜ், அங்கே அதே வரலாறு இரண்டு துண்டு. முதல் துண்டுதான் முடித்தாயிற்றே என்று நேராக இரண்டாவதில் உட்கார்ந்தேன். அது 1865இல் தொடங்கியது. அடிமை முறை உச்சத்துக்குப் போனதும், மெக்சிகோவோடு போர் நடந்து கலிபோர்னியாவே அமெரிக்காவோடு சேர்ந்ததும், உள்நாட்டுப் போரும் என் டிரான்ஸ்கிரிப்டில் (மார்க் பட்டியலில்) நடக்கவே இல்லை. அசிஸ்டில் அதற்கு ஈடும் இல்லை. கோடையில் முதல் பாதியை மறுபடி எடுத்து லிங்கனை மீட்டேன். பணம் கொஞ்சம்தான் போனது, டி.ஏ.ஜி. போட வேண்டிய செப்டம்பருக்குள் முடிய வேண்டுமே என்று அந்தக் கோடை முழுக்கத் தூக்கம் போனது.

எனவே தொடர் பாடங்களை ஒரே காலேஜில் தொடங்கி அங்கேயே முடியுங்கள். தவிர்க்க முடியாமல் மாறினால், மாறுவதற்கு முன்பே இரு காலேஜ் பாடத்திட்டத்திலும் எந்த ஆண்டில் வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். குவார்ட்டர் யூனிட்டை மூன்றில் இரண்டு பங்காக்கினால் செமஸ்டர் யூனிட் வரும், அது சுலபம். பாடத்தின் உள்ளடக்கத்துக்கு அப்படிச் சூத்திரம் கிடையாது.

அமெரிக்க வரலாற்றை எடுத்தால் இன்னொரு லாபம் உண்டு. கால் ஸ்டேட்டில் பட்டம் வாங்க அமெரிக்க வரலாறு, அரசியல் சட்டம் பற்றிய தேவை ஒன்று இருக்கிறது. அமெரிக்க வரலாறும் அரசியல் அறிவியலில் அமெரிக்க அரசு பற்றிய பாடமும் எடுத்தால் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும்.

ஒரே செமஸ்டரில் மூன்று ஹிஸ்டரி போடாதீர்கள். நானும் ஆசைப்பட்டுப் போட்டேன். மூன்று பாடத்துக்கும் ஒரே வாரத்தில் கட்டுரை வந்தது.

மொழி

பொதுப்பாடத் திட்டத்திலிருந்து வேற்று மொழி எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் பலரும் அது தேவையே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் சில வளாகங்களின் கலைக் கல்லூரிகள் பட்டத்துக்கு மொழி கேட்கின்றன. ஆய்வுப் படிப்பு என்று கனவு இருந்தால் மொழி இல்லாமல் நடக்காது. லத்தீன் அமெரிக்கா பிடித்தால் ஸ்பானிஷை இப்போதே, யூனிட் 46 டாலருக்கு, நான்கு செமஸ்டர் படித்துவிடுங்கள். யூனிவர்சிட்டியில் அதே ஸ்பானிஷ் உங்கள் இரண்டாண்டு நேரத்தை விழுங்கும்.

தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் அதை வீட்டு மொழி என்று ஓரமாக வைக்காதீர்கள். தென்னிந்தியா, இலங்கை, மலேயாத் தோட்டங்கள் பற்றி மூல ஆவணம் படிக்க விரும்பும் ஆய்வாளருக்கு அது கருவி. பெர்க்லியில் தமிழ் பாடமாகவே சொல்லித்தரப்படுகிறது. தட்டுத்தடுமாறி வாசிப்பவர் என்றால் தினம் ஒரு பக்கம் பழைய பத்திரிகை வாசியுங்கள், இரண்டு ஆண்டில் பெரிய வித்தியாசம் தெரியும்.

பாடத்திட்டம் கேட்காத வேலை

இதுவரை சொன்னது உள்ளே போவதற்கு. உள்ளே போன பிறகு நிலைக்க வேறு ஒன்று வேண்டும். முதலிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் ஒரு பாடப்புத்தகம், சில மூல ஆவணங்கள், ஐந்தாறு பக்கக் கட்டுரை. யூனிவர்சிட்டியின் மூன்றாம் ஆண்டில் வாரத்துக்கு ஒரு முழுப் புத்தகம் சகஜம். பெர்க்லி ஹிஸ்டரியில் 103 என்ற கருத்தரங்கு வகுப்பில் புத்தகங்களை அக்கக்காகப் பிரித்து விவாதிப்பார்கள். 101இல் முப்பது பக்கத்துக்குக் குறையாமல் மூல ஆவணங்களை வைத்துச் சொந்த ஆய்வு எழுத வேண்டும். பெர்க்லியிலேயே முதல் ஆண்டு சேர்ந்தவருக்கு அங்கே வர மூன்று ஆண்டு அவகாசம். உங்களுக்கு ஒன்றுதான்.

அதனால் கம்யூனிட்டி காலேஜிலேயே ஒரு கட்டுரையையாவது மூல ஆவணத்திலிருந்து எழுதிப் பாருங்கள். கலிபோர்னியா டிஜிட்டல் நியூஸ்பேப்பர் கலெக்ஷன் இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். "சான் பிரான்சிஸ்கோ கால்" என்ற நாளிதழின் பழைய இதழ்கள் அதில் இருக்கின்றன. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் ஊரில் மரமில்களில் வேலை பார்த்த பஞ்சாபித் தொழிலாளர்களை வெள்ளையர் கும்பல் அடித்து விரட்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீக்கியர்கள். அன்றைய பத்திரிகைகள் அவர்களை "இந்துக்கள்" என்றே எழுதின. ஏன் அப்படி? அந்தச் சொல் அப்போது மதத்தைக் குறித்ததா, நாட்டைக் குறித்ததா, நிறத்தைக் குறித்ததா? 1913இல் சான் பிரான்சிஸ்கோவில் "கதர்" (கிளர்ச்சி என்று பொருள்) என்ற இந்திய விடுதலைப் பத்திரிகை தொடங்கியவர்கள் தங்களை என்ன பெயரில் அழைத்துக்கொண்டார்கள்? இந்த ஒரு கேள்வியிலிருந்து எட்டுப் பக்கம் வரும், அதுவும் உங்களுடைய எட்டுப் பக்கம். உங்கள் ஊர் நூலகத்திலும் மாவட்ட வரலாற்றுச் சங்கத்திலும் இதுபோல் யாரும் திறக்காத பெட்டிகள் இருக்கும்.

எழுதும்போது ஷிகாகோ முறை அடிக்குறிப்பைப் பழகுங்கள். ஆங்கில வகுப்பில் சொல்லித்தரும் எம்.எல்.ஏ. மேற்கோள் முறையோடு ஹிஸ்டரி துறையில் போய் நின்றால் முதல் கட்டுரையிலேயே சிவப்பு மை.

கட்டுரையோடு பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவருக்கு, அதாவது மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் நேரத்துக்குப் போங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு, சந்தேகம் கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பாரோ என்று. அவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பதே அதற்குத்தான். கம்யூனிட்டி காலேஜில் வகுப்பு சிறியது, பாடம் எடுப்பவர் பேராசிரியரே, உதவியாளர் அல்ல. உங்கள் எழுத்தை வரிவரியாக வாசித்துத் திருத்த ஒருவர் கிடைக்கும் காலம் இதுதான்.

காலண்டர்

முதல் ஆண்டின் முதல் மாதத்திலேயே கவுன்சிலரைப் பார்த்து நான்கு செமஸ்டருக்கும் எழுத்தில் ஒரு திட்டம் வாங்குங்கள். அசிஸ்ட் தாளைக் கையில் கொண்டுபோங்கள். கவுன்சிலருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள், எல்லா மேஜரும் அவர் நினைவில் இருக்காது. ஒரு வளாகத்தின் ஹிஸ்டரி தேவையை நீங்களே காட்டினால் அவரும் சரியாக வழிகாட்டுவார். செமஸ்டருக்கு 15 யூனிட் என்றால் நான்கில் 60. வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் 12 எடுத்து இரண்டு கோடையில் மீதியை முடிக்கலாம், மூன்று ஆண்டு எடுத்தாலும் குற்றமில்லை.

முதல் ஆண்டு முடியும் கோடையில் டி.ஏ.ஜி.க்கு வேண்டிய 30 யூனிட் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஆகஸ்டில் யூ.சி. விண்ணப்பம் திறக்கும், நிரப்பத் தொடங்கலாம். செப்டம்பரில் டி.ஏ.ஜி. அக்டோபர் 1 முதல் நவம்பர் இறுதிவரை யூ.சி., கால் ஸ்டேட் இரண்டுக்கும் சமர்ப்பிக்கும் காலம். யூ.சி.க்கு ஒரு வளாகத்துக்கு 80 டாலர், கால் ஸ்டேட்டுக்கு 70. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. ஜனவரியில் யூ.சி.க்கு டிரான்ஸ்ஃபர் அகாடமிக் அப்டேட் என்ற படிவம் ஒன்று, 31க்குள் முடிக்கப் பாருங்கள். இலையுதிர் கால மார்க்கையும் வசந்த காலப் பாடங்களையும் அதில் சேர்க்க வேண்டும். விண்ணப்பம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கி இதைத் தவறவிட்டவர்கள் உண்டு. மார்ச் 2 கால் கிராண்ட் உதவித்தொகைக்குக் கெடு, அதற்கு முன்பே ஃபாஃப்சா (மத்திய அரசின் உதவித்தொகை விண்ணப்பம்) போயிருக்க வேண்டும். ஏப்ரல் இறுதிக்குள் யூ.சி. பதில் வரும். ஜூன் 1 வருவதாக உறுதி சொல்லக் கடைசி நாள். ஜூலை 1க்குள் இறுதி டிரான்ஸ்கிரிப்ட்.

வேலை விசாவில் வந்தவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணமும் உதவித்தொகைத் தகுதியும் மாறக்கூடும். பிறந்த தேதியையும் டிரான்ஸ்ஃபர் தேதியையும் ஒரே தாளில் எழுதி வைத்து, ஓராண்டு முன்பே போகும் வளாகத்தின் ரெசிடென்சி அலுவலகத்திலும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேளுங்கள்.

நான்கு கேள்விகள்

யூ.சி. விண்ணப்பத்தில் நான்கு பதில் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 350 சொல். மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். நான்காவது டிரான்ஸ்ஃபர் மாணவர் அனைவருக்கும் கட்டாயம்: உங்கள் மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள், மேல்நிலைப் பாடங்களைச் சமாளிப்பீர்களா என்பது. யூ.சி. பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை, எஸ்.ஏ.டி. தேர்வு மார்க்கைப் பார்ப்பதில்லை. ஆக, மார்க்குக்கு அடுத்து உங்களைப் பற்றிப் பேசுவது இந்தப் பக்கங்கள்தான்.

"சிறு வயதிலிருந்தே எனக்கு வரலாறு பிடிக்கும், தாத்தா சோழர் கதை சொல்வார்" என்று தொடங்கும் பதில்களை நான் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். தாத்தா மீது தப்பில்லை. ஆனால் கேட்ட கேள்வி அது இல்லை. பெல்லிங்ஹாம் கட்டுரை எழுதியிருந்தால் அதைச் சொல்லுங்கள். முதலில் என்ன நினைத்துத் தொடங்கினீர்கள், எந்தச் செய்தியைப் படித்ததும் அது தப்பு என்று தெரிந்தது, பிறகு எதைத் தேடினீர்கள் என்று 350 சொல்லில் சொன்னால், வாசிப்பவருக்கு இவர் கருத்தரங்கில் உட்காரத் தெரிந்தவர் என்று புரிந்துவிடும். வேலை பார்த்துக்கொண்டு படித்தது, தம்பியைப் பள்ளியில் விட்டது, ஒரு செமஸ்டர் மார்க் விழுந்தது இவற்றை மற்ற பதில்களில் மணியும் நாளும் போட்டு நேராகச் சொல்லுங்கள். பரிதாபமாக எழுத வேண்டியதில்லை.

இடம் கிடைத்த பிறகு

அனுமதிக் கடிதம் நிபந்தனையோடு வரும். கடைசி செமஸ்டரில் போடுவதாகச் சொன்ன பாடத்தை விட்டாலோ மார்க் சரிந்தாலோ உடனே தெரிவிக்க வேண்டும். அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் ஜூலையில் இடம் ரத்தாகலாம். கால்-கெட்சி முடித்ததற்கான சான்றைக் கடைசியாகப் படித்த காலேஜில் நீங்களே கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பினால் அதுவும் கூடவே போய்விடும் என்று நினைத்து, யூனிவர்சிட்டியில் மறுபடி உயிரியல் எடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஏ.ஏ.-டி.க்கும் பட்ட விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும்.

உதவித்தொகைக் கடிதங்களை வளாகம் வளாகமாக ஒப்பிடும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். வாடகைதான் பெரிய செலவு. டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு விடுதி உறுதி தருகிறார்களா, எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள்.

முதல் குவார்ட்டர்

பெர்க்லியும் மெர்செட்டும் செமஸ்டர். மற்ற யூ.சி. வளாகங்களில் குவார்ட்டர், பத்து வாரம் பாடம். செமஸ்டருக்குப் பழகியவருக்கு நான்காம் வாரமே மிட்டெர்ம் வந்து நிற்பது அதிர்ச்சியாக இருக்கும். முதல் தவணையில் மார்க் கொஞ்சம் இறங்குவது டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்குப் பரவலாக நடப்பதுதான். அதனால் முதல் குவார்ட்டரில் மூன்று பாடத்துக்கு மேல் போடாதீர்கள், அதில் இரண்டு ஹிஸ்டரி, ஒன்று இலகுவானது.

ஓரியன்டேஷன் நாளில் துறையின் ஆலோசகரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தப் பாடங்கள் மேஜரில் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டன? கருத்தரங்கை எந்தத் தவணைக்குள் முடிக்க வேண்டும்? கருத்தரங்கில் இடம் குறைவு, பதிவு திறக்கும் அன்றே நிரம்பும்.

பிறகு கடிதக் கணக்கு. சட்டக் கல்லூரியோ ஆய்வுப் படிப்போ வேண்டுமானால் நான்காம் ஆண்டின் டிசம்பரில் விண்ணப்பிப்பீர்கள். அதற்குள் யூனிவர்சிட்டிப் பேராசிரியர் உங்களை அறிந்திருக்கக் கிடைப்பது நான்கு குவார்ட்டர், அதில் நான்காவது அப்போதுதான் முடிந்துகொண்டிருக்கும். ஆகவே முதல் குவார்ட்டரிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுத்து இரண்டாம் வாரம் அவருடைய ஆஃபீஸ் ஹவருக்குப் போங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், கம்யூனிட்டி காலேஜில் எழுதிய அந்த எட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.